சம்பந்திக்கு, மூன்று பிளேயர் மாற்றிய தங்கையன் எழுதுவது

மேலூர் ரோடு, ஸ்ரீரங்கம்
10.12.2025, புதன்கிழமை

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி, ஓய்வு பெற்ற இயற்பியல் பேராசிரியர் சிவசங்கர் அவர்களுக்கு, தங்கையன் கைகூப்பி எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் பொன்னுத்தாயும் சுகம். தில்லை நகரில் தாங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளை பிரவீன்ராஜும் எங்கள் பெண் யமுனாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் சுகம் என்று எழுதியது மரியாதைக்காக. உண்மையில் எனக்கு ஒரு சுகமும் இல்லை. பத்து நாளாக ரத்தக்கொதிப்பு மாத்திரையை இரண்டு வேளையும் முழுங்கிக்கொண்டிருக்கிறேன். அதற்குக் காரணம் தாங்கள்தான் என்பதை முதல் பாராவிலேயே பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். போனில் தாங்கள் "சொல்லுங்க சம்பந்தி" என்று குழைவாக ஆரம்பித்ததும் எனக்கு வந்த கோபம் வந்த வழியே போய்விடுகிறது. பேனாவில் அந்தத் தொல்லை இல்லை. தவிர, முப்பத்தாறு வருடம் ஃபாக்டரி டூல் ரூமில் வேலை பார்த்தவன் நான். எங்கள் ஷிஃப்ட் நோட்டில் எழுதியதைக் கிழிக்கக் கூடாது, அடிக்கக் கூடாது. தப்பு இருந்தால் கீழே திருத்தம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதே முறையில்தான் இந்தக் கடிதத்தையும் எழுதுகிறேன், அதனால் நான் எழுதும் ஒவ்வொரு வார்த்தையும் தங்கள் கைக்கு வந்தே தீரும். இன்னொன்று. எங்கள் வீட்டிலிருந்து சம்பந்தி வீட்டுக்குப் போன எந்தக் காகிதமும் நான்கு மூலையில் மஞ்சள் தடவாமல் போனதில்லை. இதற்கு மஞ்சள் கிடையாது. பொன்னுத்தாய் கிண்ணத்தோடு வந்தாள், திருப்பி அனுப்பிவிட்டேன். பிரிக்கும்போதே இது கோபக் கடிதம் என்று தங்களுக்குத் தெரிய வேண்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். போன சித்திரையில் திருவானைக்காவல் மண்டபத்தில் எனக்கு அறுபதாம் கல்யாணம் நடந்ததே, அன்றைக்கு வந்தவர்கள் எல்லாம் வேட்டி, சால்வை, குத்துவிளக்கு, சுவர்க் கடிகாரம் என்று மனிதர்கள் மனிதர்களுக்குக் கொடுக்கிற பொருளைக் கொடுத்தார்கள். தாங்கள் மட்டும் சதுரமாக ஓர் அட்டையைக் கொடுத்தீர்கள். சித்திரை மாதத்தில் எதற்குக் காலண்டர் என்று நினைத்தேன். அது இசைத்தட்டு என்று பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் சொல்லித்தான் தெரியும். சம்பந்தி, எங்கள் வீட்டில் ரெக்கார்ட் பிளேயர் கிடையாது. எங்கள் அப்பா வீட்டிலும் கிடையாது. கார் இல்லாதவனுக்கு யாராவது ஸ்டெப்னியை மட்டும் பரிசாகக் கொடுப்பார்களா? கொடுத்ததோடு நிறுத்தினீர்களா? "கேட்டுட்டு எப்படி இருக்குன்னு சொல்லுங்க" என்று வேறு சொல்லிவிட்டுப் பாயசத்துக்குப் போய்விட்டீர்கள்.

அன்றைக்கே "எங்க வீட்ல பிளேயர் இல்லீங்க" என்று நான் சொல்லியிருக்க வேண்டும். ஏன் சொல்லவில்லை என்று தங்களுக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். யமுனாவுக்குப் பேசி முடிப்பதற்கு முன்னால் நாங்கள் மாப்பிள்ளை வீடு பார்க்கத் தில்லை நகர் வந்தோம். ஒரு சுவர் முழுக்க இசைத்தட்டு அடுக்கி வைத்திருந்தீர்கள். மிக்சர் தட்டை என் பக்கம் நகர்த்திக்கொண்டே "நீங்க என்னங்க விரும்பிக் கேப்பீங்க?" என்று கேட்டீர்கள். எனக்குச் சட்டென்று என்ன சொல்வதென்று தெரியவில்லை. "ஷிஃப்ட் சங்குங்க" என்று சொல்லிவிட்டேன். கூடம் முழுவதும் சிரித்தது. தாங்கள் சிரிக்கவில்லை, அது எனக்கு நினைவிருக்கிறது. ஆனால் சிரித்தவர்கள் தங்கள் சோபாவில்தான் உட்கார்ந்திருந்தார்கள். ஐந்து வருடமாகியும் அந்தச் சிரிப்பு என்னை விட்டுப் போகவில்லை. என் பெண் வாழப்போன வீட்டில், அவள் அப்பா பாட்டு கேட்கத் தெரியாத ஆள் என்று பேர் இருக்கக் கூடாது. எனக்கு வேண்டியது இவ்வளவுதான், சம்பந்தி. வேறு எந்த மரியாதையையும் நான் தங்களிடம் கேட்டதில்லை.

அதனால்தான் வைகாசியில் தாங்கள் போன் செய்து, "அந்த ரெக்கார்டு கேட்டீங்களா சம்பந்தி?" என்றபோது, "கேட்டேங்க, பிரமாதம்" என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது. அப்போது அது பீரோவில் பொன்னுத்தாயின் பட்டுப் புடவைகளுக்கு அடியில் இருந்தது. "எது பிடிச்சுது?" என்று விடாமல் கேட்டீர்கள். அட்டையில் ஜரிகைச் சால்வை போட்ட ஒரு பெரியவர் கண்ணை மூடி, வாயை லேசாகத் திறந்துகொண்டிருக்கிற படம் இருந்தது ஞாபகம் வந்தது. அதைக் கண்முன் கொண்டுவந்து, "குரலுங்க. கணீர்னு இருக்கு" என்றேன். தாங்கள் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "ஆமாங்க சம்பந்தி, கணீர்னுதான் இருக்கும்" என்றீர்கள். மேலூர் ரோட்டில் டவர் சரியாகக் கிடைக்காது, அதனால் அந்த மௌனத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "எதுல கேட்டீங்க?" என்றீர்கள். "எங்க செட்லதாங்க. பழைய செட்டு." "ரெண்டாம் பக்கம்?" "அது இதைவிடப் பிரமாதங்க." ஒரு ஆள் எத்தனை கேள்விதான் கேட்பார்!

அதோடு விட்டிருந்தால் இந்தக் கடிதமே இல்லை. நவம்பர் முப்பதாம் தேதி மறுபடி கூப்பிட்டீர்கள். "வர்ற பதினாலாம் தேதி ஞாயித்துக்கிழமை நாங்க எல்லாரும் ஸ்ரீரங்கம் வர்றோம். உங்க செட்ல அந்த ரெண்டாம் பக்கத்தைக் கேக்கணும்னு ஆசை" என்றீர்கள். "தாராளமா வாங்க" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். பொன்னுத்தாய் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "எந்த செட்ல கேக்க வராங்க? டிஃபன் செட்டா?" என்று கேட்டாள். கட்டின மனைவி கேட்கிற கேள்வியா இது?

மறுநாள் நானே கூப்பிட்டு, என் நண்பர் வீரமலை முதல் தடவையாக ரெக்கார்ட் பிளேயர் வாங்கப் போகிறார், எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று கேட்டேன். வீரமலை பொய் இல்லை. என்னோடு டூல் ரூமில் இருந்தவர், இப்போது மணப்பாறையில் மாட்டுத்தீவனக் கடை வைத்திருக்கிறார், பாட்டென்றால் எழுந்து போய்விடுவார். நான் ஒரு வரி கேட்டேன், தாங்கள் நாற்பது நிமிடம் வகுப்பு எடுத்தீர்கள். பெட்டி மாடல் வேண்டாம், அதில் ஊசியைத் தாங்குகிற கை கனமாக உட்கார்ந்து தட்டைத் தேய்த்துவிடும். கையின் பின்னால் எடைக்கட்டி இருந்து, ஊசி தட்டின் மேல் எவ்வளவு அழுத்துகிறது என்று நாமே சரி செய்கிற மாதிரி இருக்க வேண்டும். மோட்டார் அதிர்வு தட்டுக்கு வராமல் பெல்ட்டில் ஓடினால் நல்லது. உள்ளேயே ப்ரீஆம்ப் இருக்கிறதா என்று கேட்க வேண்டும், இல்லாவிட்டால் சாதாரண ஸ்பீக்கரில் மாட்டினால் சத்தமே வராது. மட்டமான, ஆடாத இடத்தில் வைக்க வேண்டும். கடைசியில், "முக்கியமா, ஊசி முனைய விரலால தொடவே கூடாதுன்னு உங்க நண்பர்கிட்ட சொல்லுங்க" என்றீர்கள். அத்தனையையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். ஐந்தரைப் பக்கம் வந்தது. அதற்குப் பிறகு நாள் தவறாமல், "வீரமலை சார் வாங்கிட்டாராங்க?" என்று ஒரு போன். வீரமலை மேல் தங்களுக்கு என்ன அவ்வளவு அக்கறை?

மன்னார்புரத்தில் தைரியராஜ் என்பவர் கடையில் இந்தச் சாமான்கள் கிடைக்கின்றன. நோட்டும் கையுமாகப் போனேன். பொன்னுத்தாயும் கூட வந்தாள், அதுதான் முதல் தப்பு. தங்கள் ஐந்தரைப் பக்கத்தை நான் தைரியராஜுக்கு வாசித்துக் காட்டிக்கொண்டிருக்கும்போதே அவள் சிவப்பாக ஒரு பெட்டி மாடலைத் தூக்கிக்கொண்டாள். "இது நல்லா இருக்கு. மூடி வச்சா மேல இஸ்திரி துணிய வைக்கலாம்." பெட்டி மாடல் கூடாது என்று சம்பந்தி சொல்லியிருக்கிறார் என்றேன். "சம்பந்தி வீட்ல இஸ்திரி துணி எங்க வைக்கிறாங்கன்னு கேட்டீங்களா?" என்றாள். கடையில் நான்கு பேர் பார்க்கிறார்கள். அந்தச் சிவப்புப் பெட்டியோடுதான் ஷேர் ஆட்டோ ஏறினோம். மாலை போட்ட சாமிகள் வந்த பஸ்கள் அம்மா மண்டபம் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. அங்கிருந்து வீடு வரைக்கும் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் எதையும் அவசரப்பட்டுச் செய்யவில்லை. மேசைக்கு ரசமட்டம் வைத்துப் பார்த்து, காலுக்கு அடியில் தகடு கொடுத்து, குமிழ் நடுக்கோட்டை விட்டு ஒரு முடி அளவு நகராதபடி செய்தேன். பிறகு பொட்டு. எங்கள் டூல் ரூமில் பொட்டு வைக்காமல் எந்தப் புது மெஷினையும் ஓட்டியதில்லை, ஒரு பொட்டு விட்டுப்போனால் அன்றைக்கு ஒருவன் விரல் போகும் என்று பயப்படுவோம். மெஷின் உடம்பில் எங்கே வைக்க மறந்தாலும் வேலை செய்கிற முனையில் வைத்தே ஆக வேண்டும். லேத் என்றால் டூல் முனை, டிரில்லிங் மெஷின் என்றால் பிட் முனை. ரெக்கார்ட் பிளேயரில் வேலை செய்வது எது? ஊசி. தாங்கள் விரலால் தொடக் கூடாது என்றீர்கள், தொடவில்லை. சந்தனத்தைக் கட்டியாகக் குழைத்து, ஈர்க்குச்சி நுனியில் எடுத்து, மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு, ஊசி முனையில் கடுகளவு வைத்தேன். அதன் மேல் ஒரு துளி குங்குமம். கை நடுங்கவே இல்லை. பேராசிரியர் சொன்னதை இதைவிட ஒழுங்காக வேறு யார் கடைப்பிடிப்பார்கள்?

தட்டைப் போட்டேன். அந்த ஜரிகைச் சால்வைக்காரர் கம்பளிக்குள் தலையை விட்டுக்கொண்டு பாடுவது போல ஒரு சத்தம் வந்தது. ம்ம்ம் என்று இழுக்கிறார், நடுவில் விக்குகிறார், மறுபடி ம்ம்ம். வார்த்தை ஒன்றுகூடப் புரியவில்லை. நான் முதல் பக்கம் முழுவதும் உட்கார்ந்து கேட்டேன், சம்பந்தி. இதில் ஏதோ இருக்கிறது, எனக்குத்தான் பிடிபடவில்லை என்று நினைத்துக்கொண்டு கேட்டேன். பாதியில் வாசலில் மணி அடித்தது. கீழ் வீட்டு தேசிகன் சுவாமி. "ஸ்வாமி, தேவரீர் திருமாளிகையில யாருக்கானும் தேக சிரமமா? கொஞ்ச நாழியா ஒரு முனகல் கேக்கறது. அடியேன் டாக்டரை அழைச்சுண்டு வரட்டுமா?" என்றார். பாட்டுங்க சாமி, பெரிய வித்வான் என்றேன். கொஞ்ச நேரம் காதைக் கொடுத்துக் கேட்டார். "பெருமாள் அவருக்கு ஆரோக்யத்தைக் கொடுக்கட்டும்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். எனக்கு வந்த ஆத்திரத்தில் மெஷினைக் காவிரியில் போடலாமா என்று இருந்தது.

பெட்டி மாடல் கூடாது என்று தாங்கள் சொன்னது சரி என்று ஒப்புக்கொண்டு, மறுநாளே திருப்பிக் கொண்டுபோனேன். வைத்த பொட்டோடு ஒரு பொருளை வீட்டிலிருந்து வெளியே அனுப்பக் கூடாது என்று பொன்னுத்தாய் சொன்னதால், ஈரத் துணியால் எல்லாப் பொட்டையும் துடைத்தேன். ஊசியை மட்டும் துடைக்கவில்லை, அதைத் தொடக் கூடாது என்பது தங்கள் உத்தரவு. தைரியராஜ் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "பெட்டி மாடல்னா இவ்வளவுதான் சார்" என்று இரண்டாவது மெஷினைத் தலையில் கட்டினார். அது பொத்தானை அமுக்கினால் கை தானாகவே போய் உட்காரும் ரகம், ஸ்பீக்கர் தனி. ரசமட்டம், தகடு, பொட்டு எல்லாம் முறைப்படி ஆனது. பொத்தானை அமுக்கினேன். கை போனது, உட்கார்ந்தது. அதே கம்பளி, அதே விக்கல். இந்தத் தடவை தேசிகன் சுவாமி வரவில்லை, அவர் வீட்டம்மா கஷாயம் கொடுத்தனுப்பினார்.

மூன்றாவது மெஷினை ஐந்தரைப் பக்கத்தில் ஓர் எழுத்துப் பிசகாமல் பார்த்து வாங்கினேன். பெல்ட் இருந்தது. எடைக்கட்டி இருந்தது. ப்ரீஆம்ப் உள்ளேயே இருந்தது. பொன்னுத்தாயை வீட்டில் விட்டுவிட்டுத்தான் போனேன். உண்மையைச் சொன்னால், அந்த எடைக்கட்டியைப் பார்த்ததும் இரண்டு நாள் கோபம் எனக்குக் கொஞ்சம் தணிந்தது. கிராம் கணக்கில் கை சரி செய்கிற வேலை என்றால் அது என் வேலை. பொட்டு வைத்து முடித்த கையோடு காலையில் சரியாக இரண்டு கிராமுக்கு வைத்தேன். சாயந்திரம் பார்த்தால் அளவு மாறியிருக்கிறது, கை மேலே தூக்கிக்கொள்கிறது. மறுபடி சரி செய்து, புதிதாக ஒரு பொட்டு வைத்தேன். அடுத்த நாள் மறுபடி மாறியிருக்கிறது. எந்த ஊர் மெஷின் சம்பந்தி இது, காலையில் ஒரு எடை மாலையில் ஒரு எடை? பொறுத்துப் பார்த்துவிட்டுக் கையின் மேல் ஒரு வாஷரை நூலால் கட்டினேன். ஊசி அழுத்தமாக உட்கார்ந்தது. வித்வான் முன்னைவிட உரக்க முனகினார்.

நேற்று மன்னார்புரத்தில் பெரிய சண்டை. "சார், மூணு கம்பெனி மெஷினும் ஒரே மாதிரி கெட்டுப்போகாது. உங்க ரெக்கார்டுதான் சார் சரியில்ல" என்று தைரியராஜ் சொல்லிவிட்டார். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு சத்தம் வந்ததோ தெரியவில்லை. "எங்க சம்பந்தி கொடுத்த ரெக்கார்டைக் குறை சொல்ற வேலை வச்சுக்காதய்யா! அவர் வீட்ல ஒரு சுவரு முழுக்க ரெக்கார்டு இருக்கு! நீ பொறக்கறதுக்கு முன்னாடியிருந்து கேக்கறவரு!" என்று கத்தினேன். ரோட்டில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். அவர் பயந்துபோய், சர்வீஸ் பார்க்கும் நசீரா என்கிற பெண் தன் அக்கா கல்யாணத்துக்கு லீவில் போயிருக்கிறது, வெள்ளிக்கிழமை வந்ததும் முதல் வேலையாக உங்கள் வீட்டுக்கு அனுப்புகிறேன் என்று கைகூப்பினார். தங்கள் மானத்தைக் காப்பாற்றிவிட்டு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். பாலக்கரை வரும்போது எனக்கே தோன்றியது, அந்த ஆள் சொன்னது சரிதானே? மூன்று மெஷினுக்கும் பொது எது? ரெக்கார்டு. அதைக் கொடுத்தது யார்? தாங்கள். தேய்ந்துபோன தட்டை, குரல் செத்துப்போன ஒரு பாடகரை, அறுபதாம் கல்யாணத்தில் என் தலையில் கட்டிவிட்டு, எட்டு மாதமாக எப்படி இருக்கு, எப்படி இருக்கு என்று கேட்டு வேடிக்கை பார்த்திருக்கிறீர்கள்!

ஆகவே இதன் மூலம் தெரிவிப்பது. எங்கள் வீட்டில் செட் கிடையாது, எப்போதும் இருந்ததில்லை. வீரமலை எதையும் வாங்கவில்லை, அந்த நண்பர் நான்தான். "பிரமாதம்" என்று நான் சொன்னது அத்தனையும் பொய். இப்போது தெரிந்துகொண்டீர்கள் அல்லவா, உங்கள் சோபாவில் உட்கார்ந்து இன்னொரு தடவை எல்லோரும் சிரித்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை யாரும் வர வேண்டாம். வெள்ளிக்கிழமை சாயந்திரம் மாப்பிள்ளை முறுக்கு டின் எடுக்க வரும்போது, இந்தக் கடிதத்தையும் ரெக்கார்டையும் சேர்த்துக் கொடுத்தனுப்புகிறேன். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். யமுனாவிடம் சொல்லாதீர்கள். அப்பா செட்டில் பாட்டு கேட்கிறார் என்று அவள் தன் சிநேகிதிகளிடமெல்லாம் சொல்லியிருக்கிறாளாம். அது மட்டும் அப்படியே இருக்கட்டும்.

மாப்பிள்ளைக்கும் யமுனாவுக்கும் எங்கள் ஆசீர்வாதம், அவர்கள் நூறு வருடம் எந்தச் சண்டையும் இல்லாமல் இருக்க வேண்டும். சம்பந்தியம்மாவுக்கு பொன்னுத்தாயின் வணக்கம், முறுக்கில் இந்தத் தடவை உப்பு சரியாக இருக்கிறது. தங்களுக்கு என் வணக்கம். அது கோபம் தணியாத வணக்கம் என்பதைக் கவனிக்கவும்.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி,
மு. தங்கையன்

திருத்தம் (12.12.2025, வெள்ளிக்கிழமை பகல்): மேலே எழுதியதை முறைப்படி கிழிக்காமல் விட்டிருக்கிறேன். காலையில் நசீரா வந்தது. கையில் ஒரு பூதக்கண்ணாடி. முதலில் வாஷரைப் பார்த்து, "யாரு சார் இத கட்டினது?" என்றது. நான் கூரையைப் பார்த்தேன். பிறகு ஊசியைப் பார்த்தது. ரொம்ப நேரம் பார்த்தது. மூக்கைக் கிட்டே கொண்டுபோனது.

"சார், இது என்ன சார், சந்தனமா?"

"பொட்டும்மா. புது மெஷின் இல்லையா?"

"நல்ல மணமா இருக்குல்ல?" என்று பொன்னுத்தாய் பெருமையாகக் கேட்டாள்.

"மணமாத்தாங்க இருக்கு. கேக்கத்தான் முடியாது. கடைல நீங்க திருப்பிக் குடுத்த ரெண்டும் இதே மாதிரிதான் மணக்குது. எங்க முதலாளி சாம்பிராணி போட்டாங்களோன்னு நினைச்சேன்."

காய்ந்தால் எடை மாறும், புதிதாக வைத்தால் மறுபடி மாறும் என்பதை அந்தப் பெண் எனக்கு விளக்கியது. முப்பத்தாறு வருடம் மைக்ரோமீட்டர் பிடித்தவனுக்கு, சம்பந்தி! அந்த வாஷரோடு இன்னும் நான்கு தடவை போட்டிருந்தால் தட்டே போயிருக்குமாம், ரெக்கார்டு நல்ல ரெக்கார்டு என்பதால் தாங்கியிருக்கிறதாம். தேய்ந்த தட்டு என்று நான் எழுதியதை இதன் மூலம் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஒரு சின்ன பிரஷ்ஷும் ஏதோ திரவமும் வைத்துச் சுத்தம் செய்துவிட்டு, எடையை என்னையே சரி செய்யச் சொன்னது. பிறகு ஊசியை இறக்கியது.

நான் ஒரு பத்து வினாடி காத்திருந்து, "ஏம்மா, பாடறவரு எப்ப ஆரம்பிப்பாரு?" என்று கேட்டேன். நசீரா என்னைப் பார்த்தது. "பாடறவரா? இதுல யாரும் பாட மாட்டாங்க சார். வயலின் ரெக்கார்டு சார் இது." அட்டையைத் திருப்பிக் காட்டியது. பின்பக்கத்தில் வயலினைத் தோளில் வைத்துக்கொண்டு அதே ஜரிகைச் சால்வைக்காரர். நான் அந்தப் பக்கத்தைப் பார்த்ததே இல்லை.

குரல் கணீர் என்று இருக்கிறது என்று வைகாசியில் சொன்னேனே. தாங்கள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தீர்களே. அது டவர் இல்லை. அன்றைக்கே தங்களுக்குத் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகும் "ஆமாங்க சம்பந்தி" என்றீர்கள். எங்கள் வீட்டில் செட் இல்லை என்று தெரியும், வீரமலை யார் என்று தெரியும், தெரிந்துகொண்டே நாற்பது நிமிடம் வீரமலைக்குச் சொல்லிக் கொடுத்தீர்கள். யமுனாவிடம்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை, சொல்லியிருந்தால் அவள் சும்மா இருக்க மாட்டாள். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றதும் எனக்காகத்தானா? நான் ஒன்றை வாங்கிக் கேட்டே ஆக வேண்டும் என்றா? எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. அதை வெளிப்படையாகச் சொல்லியிருந்தால் இத்தனை தடவை ஷேர் ஆட்டோ ஏறியிருக்க மாட்டேன். ஆனால் சொல்லியிருந்தால் எனக்கு வெட்கமாக இருந்திருக்கும். அது உங்களுக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை.

இரண்டாம் பக்கமும் கேட்டேன். முதல் கால் மணி நேரம் வில் மட்டும் மெல்ல மெல்ல ஏறுகிறது. எதற்கு ஏறுகிறது என்று எனக்குத் தெரியாது, ஆனால் இறங்கிவிடக் கூடாதே என்று இருந்தது. தேசிகன் சுவாமி மாடி ஏறி வந்து வாசலிலேயே நின்று கேட்டுவிட்டு, "வித்வானுக்கு தேவலையாயிடுத்து போலிருக்கே!" என்றார். பொன்னுத்தாய் இஸ்திரி துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவள் நின்றபடியே இருந்தாள். ஏழு மாதமாகப் பொய்யாகச் சொன்னதை இப்போது உண்மையாகச் சொல்கிறேன், சம்பந்தி: இரண்டாம் பக்கம் பிரமாதம்.

ரெக்கார்டைத் திருப்பி அனுப்பவில்லை. முறுக்கு டின்னும் கடிதமும் மட்டும் வருகின்றன. ஞாயிற்றுக்கிழமை அவசியம் எல்லோரும் வர வேண்டும், மத்தியானச் சாப்பாடு இங்கேதான். வரும்போது தங்கள் சுவரிலிருந்து இன்னொரு தட்டும் எடுத்து வாருங்கள், யாராவது நிஜமாகவே பாடுகிற தட்டாக இருந்தால் தேவலை.

கடிதத்துக்கு பொன்னுத்தாய் இப்போது மஞ்சள் தடவிக்கொண்டிருக்கிறாள். மூலையில் மட்டும் வை, எழுத்தின் மேல் வைத்துவிடாதே என்று பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மு. தங்கையன்